தோட்டப் பாதையும் வானின் காலும்: சஸ்பென்ஷன் மாற்ற எவ்வளவு நேரம், எவ்வளவு செலவு?

கடந்த 2025 ஜூலை மாதம், தென்மேல் பருவமழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஓர் இரவு. நோர்வூட்டுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தின் மேல் டிவிஷனிலிருந்து பிரசவ வலி வந்த ஒரு தங்கச்சியை ஏற்றிக்கொண்டு டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். வானில் அவருடைய கணவனும் மாமியாரும் இருந்தார்கள். மூன்றாவது வளைவில் முன்பக்கத்தில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. ஸ்டியரிங் கையில் நிற்கவில்லை. இடதுபக்க முன்சக்கரம் வெளிப்பக்கமாகச் சரிந்தது. வான் மண்மேட்டில் உரசி, கானுக்குள் விழுந்து நின்றது. இடப்பக்கம் மேடு, வலப்பக்கம் பள்ளம். வலதுபக்கச் சக்கரம் போயிருந்தால் இதை எழுத நான் இருந்திருப்பேனா தெரியாது.

யாருக்கும் காயமில்லை. நாற்பது நிமிடத்தில் தோட்டத்து லொறி வந்தது. தங்கச்சியை லொறியில் ஏற்றினோம். பிள்ளை ஆஸ்பத்திரியில்தான் பிறந்தது; தாயும் பிள்ளையும் சுகம். ஆனால் அந்த நாற்பது நிமிடமும் மழையில் குடை பிடித்தபடி நின்ற அந்த மாமியாரின் முகத்தை நான் மறக்கவில்லை. அவர் என்னை ஏசவில்லை. "நீங்க என்ன தம்பி செய்வீங்க, ரோட்டு அப்படி" என்றார்.

ரோட்டு அப்படித்தான். ஆனால் சக்கரம் சரிந்ததற்கு நானும் காரணம். ஏப்ரல் மாதம் 8,600 ரூபாயை மிச்சம்பிடித்திருந்தேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். மலையகத்திலோ வன்னியிலோ உடைந்த பாதையில் பழைய வாகனம் ஓட்டிப் பிழைப்பவர்களுக்குப் பயன்படட்டும்.

வன்னியில் படித்த பாடம்

எங்கள் குடும்பம் 1977 கலவரத்துக்குப் பிறகு பொகவந்தலாவையிலிருந்து கிளிநொச்சிக்குப் போனது. நான் பிறந்தது அங்கேதான். சிறு வயதில் மாமாவின் கராஜில் ஸ்பனர் எடுத்துக் கொடுத்துத் தொழில் பழகினேன். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையை அனுபவித்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, உதிரிப்பாகம் இல்லை. யாழ்ப்பாணத்தில் மொரிஸ் மைனரும் ஒஸ்டின் கேம்பிரிட்ஜும் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. எங்கள் கராஜில் பழைய டயரை வெட்டி புஷ் செய்தோம். உடைந்த ஸ்பிரிங் பிளேட்டை ஒட்டினோம். அன்று அதுதான் சரி. வேறு வழியே இருக்கவில்லை.

2009க்குப் பிறகு செட்டிக்குளம் முகாமிலிருந்து வெளியே வந்து, நோர்வூட்டிலிருந்த அத்தை வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். ஒரு பழைய டொல்பின் வான் வாங்கினேன். காலையில் பாடசாலைப் பிள்ளைகள், பகலில் ஹயர், இரவில் நோயாளிகள். கையோடு கொண்டுவந்தது அந்தச் 'சமாளிக்கலாம்' என்ற பழக்கம். வன்னியின் சமதரையில் அந்தப் பழக்கம் என்னைக் காப்பாற்றியது. மலையில் அதுவே என்னைக் கவிழ்க்கப் பார்த்தது.

எது எது தேயும்?

சஸ்பென்ஷன் என்பது வாகனத்தின் கால். சக்கரத்துக்கும் உடம்புக்கும் நடுவில் இருந்து பாரத்தைத் தாங்குவதும், குலுக்கலை விழுங்குவதும், சக்கரத்தைத் தரையோடு பிடித்து வைப்பதும் அதன் வேலை.

ஷொக் அப்சோர்பர்: ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது. கெட்டுப்போனால் உடம்பில் எண்ணெய் கசிந்த ஈரம் தெரியும். வாகனத்தின் மூலையை அழுத்தி விட்டால் ஒரு தடவை எழும்பி நிற்க வேண்டும். இரண்டு மூன்று தடவை ஆடினால் ஷொக் முடிந்துவிட்டது.

புஷ்: ஆர்ம்களின் மூட்டில் இருக்கும் இரப்பர். வெடித்தால் பள்ளத்தில் 'டொக் டொக்' என்ற சத்தம் வரும். பிரேக் பிடிக்கும்போது வாகனம் ஒரு பக்கம் இழுக்கும்.

போல் ஜொயின்ட்: சக்கரம் திரும்பும் மூட்டு. இதுதான் உயிர் போகும் இடம். மேலே உள்ள இரப்பர் உறை கிழிந்தால் கிறீஸ் வெளியேறி, தண்ணீரும் மணலும் உள்ளே போகும். அதற்குப் பிறகு அது நாள் எண்ணிக்கொண்டிருக்கும்.

ஸ்பிரிங் பிளேட்: வான், சிறு லொறிகளின் பின்பக்கத்தில் அடுக்கடுக்காக இருக்கும் வில்லுத்தகடு. டிமோ பட்டாவுக்கு முன்னும் பின்னும் இதுதான். பாரம் கூடினால் வளைவு படுத்துவிடும் அல்லது தகடு வெடிக்கும்.

மலைப் பாதையில் இவை சீக்கிரம் தேய்வதற்குக் காரணம் பள்ளம் மட்டுமில்லை. இறக்கத்தில் பிரேக் பிடித்தபடி வரும்போது பாரம் முழுவதும் முன்காலுக்கு வருகிறது. கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடிக்கிறோம். கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் நாட்டிலேயே அதிக மழை பெறும் பகுதிகளில் ஒன்று. சேறு எப்போதும் அடியில் ஒட்டியிருக்கும், போல்ட்டுகள் துருப்பிடித்து இறுகிவிடும்.

வேலைக்கு எவ்வளவு நேரம்?

கராஜுக்குப் போகுமுன் நேரம் தெரிந்திருந்தால் ஹயரை எந்த நாளில் விடுவது என்று முடிவு செய்யலாம். ஒரு பாஸும் ஒரு கையாளும் வேலை செய்தால், போல்ட்டுகள் இலகுவாகக் கழன்றால், பொதுவாக எடுக்கும் நேரம் இது:

டொல்பின் வான் முன் ஷொக் இரண்டும்: ஒன்று முதல் ஒன்றரை மணித்தியாலம். இதன் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் இல்லை, டோர்ஷன் பார்தான். அதனால் ஷொக் தனியாகக் கழன்று வரும்.

பின் ஷொக் இரண்டும்: அரை மணி முதல் ஒரு மணித்தியாலம்.

கார்களின் முன் ஷொக் இரண்டும்: இரண்டு முதல் மூன்று மணித்தியாலம். பெரும்பாலான சிறு கார்களில் ஷொக்கைச் சுற்றியே சுருள் ஸ்பிரிங் இருக்கும். அதை அமுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாத கராஜில் இந்த வேலையைக் கொடுக்கவே கூடாது. அமுங்கிய ஸ்பிரிங் நழுவினால் பாஸின் முகத்தைப் பெயர்த்துவிடும்.

போல்ட்டில் பொருத்தும் போல் ஜொயின்ட் இரண்டு: ஒன்றரை முதல் இரண்டு மணித்தியாலம்.

லோவர் ஆர்ம் புஷ்கள் இரண்டு பக்கமும்: மூன்று முதல் நான்கு மணித்தியாலம். ஆர்மைக் கழற்றி பிரெஸ்ஸில் அழுத்தி எடுக்க வேண்டும். கராஜில் பிரெஸ் இல்லாவிட்டால் லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் வரும் நேரத்தையும் சேர்க்க வேண்டும்.

பின் ஸ்பிரிங் பிளேட் இரண்டு பக்கமும்: மூன்று முதல் நான்கு மணித்தியாலம்.

முச்சக்கரவண்டியின் ஷொக்: ஒவ்வொன்றும் அரை மணி முதல் ஒரு மணித்தியாலம்.

வீல் எலைன்மென்ட்: முக்கால் முதல் ஒரு மணித்தியாலம்.

எங்கள் மழைநாட்டு வாகனத்துக்கு இதோடு பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். துருப்பிடித்த ஒரு போல்ட்டை வெட்டி எடுக்கவே ஒரு மணித்தியாலம் போகும். முதல்நாள் மாலையே போல்ட்டுகளுக்குத் துருநீக்கி எண்ணெய் அடித்து வைத்தால் அடுத்தநாள் நேரமும் மிச்சம், போல்ட்டும் மிச்சம்.

எதை வாங்குவது?

கடையில் நான்கு வகை கிடைக்கும். வாகனக் கம்பனியின் பெட்டியில் வருவது ஜெனுவின், விலை அதிகம். இரண்டாவது, பெயர்பெற்ற உதிரிப்பாகக் கம்பனிகளின் வெளிச்சந்தைப் பாகங்கள். ஜப்பானின் கேவைபி ஷொக்குகளும் 555 போல் ஜொயின்ட்டுகளும் இந்த வகை. கேவைபி பல வாகனக் கம்பனிகளுக்கே ஷொக் செய்து கொடுக்கும் நிறுவனம். எனவே வெளிச்சந்தை என்றால் தரமில்லாதது என்று நினைக்கத் தேவையில்லை. மூன்றாவது, பெயரில்லாத மலிவுச் சரக்கும், பெயர்பெற்ற கம்பனியின் பெட்டியைப் போலவே அச்சடித்து வரும் போலியும். நான்காவது, ஜப்பானில் கழற்றி இங்கே வரும் பாவித்த பாகம். கொழும்பு பஞ்சிகாவத்தையில் குவிந்திருப்பது.

என் அனுபவத்தில் ஒரு வழிகாட்டல்: ஆர்ம், ஸ்பிரிங் பிளேட் போன்ற இரும்புப் பாகங்களைப் பாவித்ததாக வாங்கலாம், வெடிப்பு, வளைவு இல்லையா என்று வெளிச்சத்தில் பார்த்து எடுக்க வேண்டும். இரப்பரும் எண்ணெயும் உள்ள பாகங்களை, அதாவது புஷ், ஷொக், போல் ஜொயின்ட் மூன்றையும், பாவித்ததாக வாங்கக் கூடாது. அவற்றின் மீதி ஆயுள் வெளியே தெரியாது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடையில் 2022இல் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முன்னூற்றறுபது வரை ஏறியது. பழைய வாகனங்களையே எல்லோரும் இழுத்துப் பிடித்து ஓட்டினோம். பாகங்களின் விலையும் ஏறியது. விலை ஏறிய இடத்தில் போலியும் பெருகும். பெட்டியின் எழுத்து, பாகத்தில் பொறித்த இலக்கம், இரப்பர் உறையின் தடிப்பு மூன்றையும் பழைய பாகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பற்றுச்சீட்டு கேளுங்கள். கேட்டால் கொடுக்க வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தில் உள்ள கடமை. சீட்டு இல்லாமல் எந்த உத்தரவாதமும் செல்லாது.

என் கொப்பியிலுள்ள கணக்கு

2025 ஏப்ரல். பாடசாலை விடுமுறை, வருமானம் இல்லாத மாதம். கீழ்ப் போல் ஜொயின்ட் இரண்டும் ஆடுகிறது என்று ஒரு கராஜில் சொன்னார்கள். நல்லது இரண்டும் 13,000 ரூபாய். பெயரில்லாதது இரண்டும் 4,400. "இதுவும் ஓடும் அண்ணே" என்றார் வேலை செய்தவர். நானும் சம்மதித்தேன். கூலி 3,000. எலைன்மென்ட் தேவையில்லை என்று விட்டுவிட்டேன். மொத்தம் 7,400 ரூபாய்.

மூன்று மாதத்தில் அது கழன்றது. வானை இழுத்துவர 9,000. பாவித்த லோவர் ஆர்ம் 12,000. பிரேக் குழாய் 2,500. டயர் 21,000. ஆக 44,500 ரூபாய். ஐந்து நாள் ஓட்டமில்லை. பிள்ளைகளை வேறு வானில் அனுப்பிய கடன் தனி.

அதற்குப் பிறகு ஓகஸ்ட் மாதம் ஹட்டனில் ஒரு வயதான பாஸிடம் முன்கால் முழுவதையும் ஒரேயடியாக மாற்றினேன்:

முன் ஷொக் இரண்டு: 24,000
கீழ்ப் போல் ஜொயின்ட் இரண்டு: 13,000
மேல் போல் ஜொயின்ட் இரண்டு: 10,000
புஷ் செட்: 9,000
கூலி: 9,000
பிரெஸ் வேலை: 2,500
எலைன்மென்ட்: 3,000
மொத்தம்: 70,500 ரூபாய்.

இது என் வானுக்கு, அந்த மாதக் கடைவிலையில் வந்த கணக்கு. உங்கள் வாகனத்துக்கு வேறாக இருக்கும். வேலைக்கு ஒன்றரை நாள் எடுத்தது.

70,500 ரூபாய் என்பது தோட்டத்தில் எவ்வளவு? அப்போதைய அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். 52 நாள் பேர் போட வேண்டும். எங்கள் ஆட்கள் ஏன் மலிவானதைத் தேடுகிறார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. நான் அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் கணக்கைத் திருப்பிப் பாருங்கள்: போல் ஜொயின்ட்டில் நான் மிச்சம்பிடித்தது 8,600. அது தின்றது 44,500. முழுவதையும் ஒரேயடியாகச் செய்யப் பணமில்லாவிட்டால் வரிசை இதுதான்: முதலில் போல் ஜொயின்ட்டும் ஸ்டியரிங் முனைகளும், அடுத்து புஷ், அதற்கடுத்து ஷொக். ஷொக் போனால் உடம்பு வலிக்கும், டயர் தேயும், வளைவில் பிடிமானம் குறையும். மெதுவாக ஓட்டிச் சில வாரம் தள்ளலாம். போல் ஜொயின்ட் போனால் ஒரு நாளும் தள்ள முடியாது.

இன்னொன்று: ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் திறக்காதீர்கள். புஷ் மாற்ற ஆர்மைக் கழற்றும்போதே போல் ஜொயின்ட்டையும் மாற்றினால் ஒரு கூலிதான். பிரித்துப் பிரித்துச் செய்தால் அதே போல்ட்டுகளுக்கு இரண்டு கூலி, இரண்டு எலைன்மென்ட், இரண்டு நாள் ஓட்டம் நட்டம்.

பக்கத்தில் நின்று பாருங்கள்

நல்ல பாகத்தையும் பிழையாகப் பூட்டினால் கெடும். அந்த வயதான பாஸ் வேலை செய்ததைப் பார்த்தபோதுதான் மாமாவின் கராஜிலும் நாங்கள் பிழையாகச் செய்தவை எவை என்று புரிந்தது.

ஒன்று, புஷ் போல்ட்டுகளை வாகனம் தூக்கியிருக்கும்போது கடைசி இறுக்கு இறுக்கக் கூடாது. சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், இறக்கியதும் இரப்பர் முறுகிய நிலையிலேயே நிற்கும். சில மாதத்தில் கிழியும். அளவாக இறுக்கிவிட்டு, வாகனத்தின் பாரம் சக்கரத்தில் வந்தபிறகு முழுவதும் இறுக்க வேண்டும். "புது புஷ்ஷும் போயிருச்சு" என்று நாங்கள் புலம்பும் பல இடங்களில் காரணம் இதுதான்.

இரண்டு, ஷொக்கின் பளபளப்பான தண்டைக் குறட்டால் பிடிக்கக் கூடாது. ஒரு கீறல் போதும், சீல் கிழிந்து எண்ணெய் கசியும். எண்ணெய் ஷொக்கைப் பூட்டுமுன் நிமிர்த்திப் பிடித்துச் சில தடவை இழுத்து அமுக்கி உள்ளிருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும்.

மூன்று, இடதும் வலதும் சோடியாக மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் பிரேக் பிடிக்கும்போதும் வளைவிலும் வாகனம் சமமாக நிற்காது.

நான்கு, உயரம் வேண்டும் என்று டோர்ஷன் பாரை முறுக்கிக்கொண்டே போகக் கூடாது. தோட்டப் பாதையில் அடி தட்டுகிறது என்பதற்காக நம்மவர்கள் செய்வது இது. கொஞ்சம் கூட்டலாம். அளவு மீறினால் போல் ஜொயின்ட் சாய்ந்த நிலையிலேயே வேலை செய்யும், சவாரி கட்டையாகும், எலைன்மென்ட்டும் மாறும்.

ஐந்து, ஸ்பிரிங் பிளேட் மாற்றினால் யூ போல்ட்டை ஒரு வாரம் ஓடியபிறகு மீண்டும் இறுக்க வேண்டும். தகடுகள் படிந்ததும் இறுக்கம் தளரும்.

ஆறு, வெறும் ஜக்கை நம்பி வாகனத்துக்கு அடியில் யாரும் போகக் கூடாது. தாங்கி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கனத்த மரக்கட்டையாவது வைக்க வேண்டும். சரிவான இடத்தில் வேலையே வேண்டாம்.

வேலை முடிந்ததும் கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். மாற்றியதாகச் சொன்னது உண்மையில் மாறியதா என்பதற்கு அதுவே சாட்சி. எலைன்மென்ட்டைத் தள்ளிப்போடாதீர்கள். 3,000 ரூபாயை மிச்சம்பிடித்து 21,000 ரூபாய் டயரை ஒரு பக்கமாகத் தேய்ப்பதில் இலாபமில்லை. பிறகு மாதம் ஒருமுறை, மழைக்காலத்தில் இரண்டுமுறை, அடியைக் கழுவி இரப்பர் உறைகளைப் பாருங்கள். உறை கிழிந்ததைக் கண்ட அன்றே வேலைக்கு நாள் குறியுங்கள்.

பாதையின் பொறுப்பு யாருக்கு?

இவ்வளவும் செய்தாலும் என் கொப்பியில் முன்கால் செலவு மீண்டும் வரும். காரணம் வானில் இல்லை. அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியாக நுவரெலியா போகும் ஏ7 வீதியில் ஓடும் வான் பல வருடம் தாங்கும் பாகத்தை, அதிலிருந்து பிரிந்து லயத்துக்கு ஏறும் சில கிலோமீற்றர் பாதை சீக்கிரமே தின்றுவிடுகிறது. அந்தப் பாதைகள் கொழுந்து லொறிக்காகத் தோட்டங்கள் வெட்டியவை. 1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குப் போனது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டங்களுக்குள் சபைகள் பணம் செலவழிப்பதற்குத் தடையாக நின்றது. அந்தப் பிரிவைத் திருத்த 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சட்டத் தடை விலகியது. பல டிவிஷன்களுக்கு கொங்கிறீட் இன்னும் வரவில்லை. கம்பனியிடம் கேட்டால் சபையைக் காட்டுகிறார்கள், சபையிடம் கேட்டால் நிதி இல்லை என்கிறார்கள்.

அந்த இடைவெளிக்கான கட்டணத்தைத்தான் வான்காரர்கள் போல் ஜொயின்ட்டாகவும் ஷொக்காகவும் கட்டுகிறோம். நாங்கள் அதை ஹயரில் போடுகிறோம்; கடைசியில் அதைக் கட்டுவது நாட்சம்பளக்காரர். எனவே வான்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். பற்றுச்சீட்டுகளை எறியாதீர்கள். எந்தப் பாதையில் ஓடி எந்தப் பாகம் எப்போது போனது என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பிரதேச சபைக் கூட்டத்தில் "ரோட்டு மோசம்" என்று சொன்னால் தலையாட்டுவார்கள். பத்து வான்காரர்களின் ஒரு வருடச் சீட்டுகளை மேசையில் வைத்தால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். எங்கள் டிவிஷனில் நான்கு பேர் எழுதத் தொடங்கியிருக்கிறோம்.

அந்தத் தங்கச்சியின் பிள்ளைக்கு ஊசி போடும் நாளில் நான்தான் கூட்டிப்போனேன். மூன்றாவது வளைவு வந்ததும் மாமியார் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "பயப்படாதீங்கம்மா, கால் புதுசு" என்றேன். "ரோட்டு பழசுதானே தம்பி" என்றார்.